மாரி மூடும் பாதை, மாரி திறக்கும் வாய்

இலங்கையின் கரையோரச் சுற்றுலா ஆண்டை இரண்டு பாதிகளாகப் பகுத்தே நடத்தப்படுகிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை நனைக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பாசிக்குடாவும் அறுகம்குடாவும் நிரம்புகின்றன. ஐப்பசி பிறந்து கிழக்கு வானம் கறுக்கத் தொடங்கியதும் அங்குள்ள விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட, பயணிகள் காலி, ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகளுக்குப் பெயர்கின்றனர். வழிகாட்டி நூல்கள் கிழக்கின் இந்த ஐந்து மாதங்களைத் தவிர்க்க வேண்டிய காலம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றன. ஆயினும் கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் ஊடாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் விதைப்பு, நீர்ப்பங்கீடு, களப்பு மீன்பிடி, பாதைகளைக் காத்தல், வீட்டைவிட்டு உயரமான இடத்துக்கு நகர்தல் ஆகிய யாவும் நடந்தேறுவது அந்த ஒதுக்கப்பட்ட மாதங்களிலேயே. இப்பகுதி தொலைவானதாகக் கருதப்படுவதற்குக் கொழும்பிலிருந்து இதற்குள்ள தூரம் பாதிக் காரணமே; தண்ணீர் எங்கே தேக்கப்படுகிறது, எங்கே வெட்டிவிடப்படுகிறது, எந்தப் பாதையின்மேல் ஏறிப் பாய்கிறது என்பனவே மீதிக் காரணம். அவற்றைக் கோடையில் வருபவர் காண வழியில்லை.

மழையின் கணக்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்கு காலநிலைப் பருவங்களாகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். கிழக்குக் கரையினர் மாரி என்று சொல்வது பின்னிரண்டையும் சேர்த்தே என்றாலும், அவை இரண்டும் ஒரே வகையான மழை அல்ல. இடைப்பருவ மழை பிற்பகல் இடியுடன் வந்து ஓரிரு மணிநேரத்தில் ஓய்வது. இதே காலத்தில்தான் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகின்றன. வடகீழ்ப் பருவ மழையோ வாடைக்காற்றுடன் கடலிலிருந்து நேரே ஏறி வந்து, இரவிலும் விடியலிலும் விட்டுவிட்டு நாள்கணக்கில் பெய்வது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதில் பாதிக்கும் மேற்பட்டது நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. சென்னை ஓர் ஆண்டு முழுதும் பெறும் சராசரி மழை 1,400 மில்லிமீற்றர் அளவில் இருப்பதோடு ஒப்பிட்டால் இந்தக் குவிவின் கனம் விளங்கும். இருந்தும், ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலங்களைக் குறிக்கும் உலர் வலயம் என்னும் வகையில்தான் அரச ஆவணங்கள் இந்த வெள்ள நிலத்தைச் சேர்த்திருக்கின்றன. எஞ்சிய மாதங்களில் மலைகளைக் கடந்து ஈரம் வற்றி வரும் கச்சான் காற்று நிலத்தை வெடிக்க வைப்பதால், அந்த வகைப்பாட்டைப் பிழை என்று தள்ளவும் முடியாது.

இம்மழை விழும் நிலத்தின் அமைப்பை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்க்க வேண்டும். இங்கினியாகலைப் பக்க மலைகளின் அடிவாரக் காடுகள், அவற்றின் கீழே குளங்கள், குளங்களின் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளி, வயல்வெளியின் கீழ்எல்லையில் களப்புகளும் சதுப்புகளும், அதற்கும் அப்பால் கடலோரமாக ஒடுங்கி நீளும் மணல்மேடு என்பதே அந்த அமைப்பு. களப்பு என்பது ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் ஆழங்குறைந்த உப்பேரியாகும். ஊர்கள் அனைத்தும் அந்த மணல்மேட்டின் மேலேயே நெருங்கி அமைந்துள்ளன. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி இந்த மேட்டின்மேல் ஓடுகிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி வரும் அந்த வரிசையில் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் புதியவர் பெயர்ப்பலகையைக் கொண்டே அறிய முடியும். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் நெருக்கம் தளர்கிறது. தம்பட்டை, தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம் ஆகிய ஊர்களைக் கடந்த பின்னர் காடும் களப்பும் கடலும் சாலையை நெருங்கிவர, பொத்துவில் வரை குடியிருப்புகள் இடைவிட்டே தென்படுகின்றன.

புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுவதால் இக்கரையை அடைய பஸ்ஸைத் தவிரப் பொதுப் போக்குவரத்து இல்லை. கொழும்பிலிருந்து வரும் மூன்று பாதைகளுக்கும் மாரியில் தனித்தனிப் பலவீனம் உண்டு. ஏ4 பாதை பெரகலைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவுகளைக் கடக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை தோட்டத்தின் லயன் வீடுகளை மண் மூடிய கொஸ்லாந்தை இந்தப் பாதையிலேயே உள்ளது. கண்டி, மகியங்கனை வழியாக அம்பாறைக்கு வரும் பாதை பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலை இறக்கத்தில் அடிக்கடி தடைப்படுகிறது. பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு வந்து தெற்கே திரும்பும் மூன்றாவது பாதையில் மலை இல்லை. ஆனால் மகாவலி பெருகும்போது மன்னம்பிட்டியை ஒட்டிய தாழ்நிலத்தில் ஆறு சாலையின்மேல் ஏறிவிடுகிறது. ஆகவே நவம்பர் முதல் ஜனவரி வரை வருபவர் எந்தப் பாதை குறுகியது என்று பார்ப்பதைவிட அன்று எது திறந்திருக்கிறது என்று விசாரிப்பதே முறை. அதற்கென இடர் முகாமைத்துவ மத்திய நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தை விடவும் இரவு பஸ்களின் சாரதிகளும் நடத்துநர்களும் விரைவாகத் தகவல் வைத்திருப்பார்கள் என்பது இப்பாதையில் பயணிக்கும் எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

கரையை அடைந்த பின்னர் வடக்குத் தெற்காக நகர்வது ஒப்பீட்டளவில் எளிது. மேற்கே திரும்புவதே கடினம். மணல்மேட்டு ஊர்களையும் அவற்றுக்கு மேற்கேயுள்ள சம்மாந்துறை, நாவிதன்வெளி, அம்பாறை முதலிய இடங்களையும் இணைக்கும் சாலைகள் அனைத்தும் வெள்ளச் சமவெளியைக் குறுக்கே வெட்டிச் செல்பவை. அவற்றின் தாழ்ந்த இடங்களில் தாம்போதிகள் கட்டப்பட்டுள்ளன. தாம்போதி என்பது பாலத்தைப் போல நீரைத் தன் அடியில் மட்டும் விடாமல், வெள்ளக் காலத்தில் தன் மேலாகவும் பாயவிடும்படி தாழ்வாகக் கட்டப்படும் கற்சாலை. செலவு குறைந்த அந்த அமைப்பு நீரைத் தடுக்காது என்பது உண்மையே; ஆனால் ஆண்டில் சில வாரங்களுக்குச் சாலையையே ஆறாக்கிவிடுகிறது. கல்முனையையும் மேற்கேயுள்ள சவளக்கடையையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளத்தோடு ஆற்றுவாழைகளும் வந்து குவிந்து நீரோட்டத்தை அடைத்துக்கொள்வது ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஆற்றுவாழை என இங்கு அழைக்கப்படுவது வேரோடு மிதக்கும் நீர்த்தாவரம். தமிழகத்தில் ஆகாயத்தாமரை எனப்படும் அதே களை.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான சாலையில் நிகழ்ந்ததை இந்தப் பின்னணியிலேயே பார்க்க வேண்டும். நிந்தவூரிலுள்ள மத்ரஸா ஒன்றில் தங்கிப் படித்த சிறுவர்கள், காலநிலை மோசமடைந்ததால் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, சாலையின் மேலாகப் பாய்ந்த வெள்ளம் அவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தைப் புரட்டியது. ஆறு மாணவர்களும் அதில் பயணித்த வேறு இருவரும் உயிரிழந்தனர். அந்த நாள்களில் நாட்டைத் தாக்கிய தாழமுக்கம் பின்னர் பெங்கால் என்னும் பெயரோடு தமிழகக் கரையை அடைந்ததை இருபுறத்து வாசகரும் நினைவில் வைத்திருப்பர். விபத்தை மழையின் தலையிலும் சாரதியின் தலையிலும் சுமத்திவிடுவது எளிது. ஆனால் மற்ற வாகனங்கள் நின்றுவிட்ட பின்னர் உழவு இயந்திரத்தில் ஏறி வெள்ளத்தைக் கடப்பது இப்பகுதியில் அசாதாரணமான துணிச்சல் அன்று. வேறு வழி விடப்படாத ஊர்களின் மாரிக்கால வழக்கமான போக்குவரத்து அதுவே. நோயாளியும் அரிசி மூட்டையும் பரீட்சைக்குச் செல்லும் மாணவரும் அப்படித்தான் கடக்கின்றனர். பெரிய பின்சில்லுகள் தரும் நம்பிக்கை ஓடும் நீரில் பயன்படாது என்பதைப் பொறியியல் கணக்குகள் தெளிவாகவே சொல்கின்றன: அரையடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் வளர்ந்த ஒருவரை நிலைகுலையச் செய்யவல்லது, இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிச்செல்லப் போதுமானது.

வெள்ளம் சாலையை மூடும் நிலம் இது ஒன்று மட்டுமல்ல: வட அவுஸ்திரேலியாவின் கேப் யோர்க் தீபகற்பத்தில் டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை மண்சாலைகள் மூடப்பட்டு, ஊர்களுக்கு உணவுப்பொருள் படகிலும் விமானத்திலும் செல்கிறது. நீர் சாலையைக் கடக்கும் இடந்தோறும் ஆழங்காட்டும் கம்பம் நடப்பட்டிருக்க, வெள்ளம் ஓடினால் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிடுமாறு மாநில அரசு விளம்பரம் செய்கிறது. ஆளரவமற்ற அந்த நிலத்துக்குப் பொருந்தும் அறிவுரை, ஒரு சாலையின் இரு முனைகளிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் அம்பாறைச் சமவெளிக்கு முழுமையாகப் பொருந்தாது. இங்கு கடக்காதே என்று சொல்வதற்கு முன்னர் கடப்பதற்கு உயர்ந்த பாலம் ஒன்று இருக்க வேண்டும். ஆழங்காட்டும் கம்பத்தையாவது இன்றே நடலாம். அதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை.

சமவெளியில் சேரும் நீர் கடலை அடைவது எப்படி என்ற கேள்விக்கான விடையே இக்கரையோரத்தின் மிகச் சுவையான பகுதி. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே திருக்கோவில் பகுதியிலுள்ள பெரியகளப்பும், அதற்கும் தெற்கேயுள்ள கோமாரிக் களப்பும், இவற்றைப் போன்ற சிறு களப்புகளும் ஆண்டின் பெரும்பகுதியில் கடலோடு தொடர்பற்றவை. கோடையில் ஆற்றோட்டம் தளர்ந்ததும், அலைகளும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து களப்பின் வாயில் குவித்து அதை அடைத்துவிடுகின்றன. பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது பெருநூலில் கிழக்குக் கரையின் இந்த மணல் அடைப்புகளைத் தனிக் கவனத்தோடு விவரித்து, ஆறு கொணரும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் எதிரெதிராக மோதுவதன் விளைவே இக்களப்புகள் என்று விளக்கியிருக்கிறார். மாரி தொடங்கியதும் மேற்கிலிருந்து வரும் நீர் அடைபட்ட களப்பில் ஏறுகிறது. முதலில் கரையோரப் புல்வெளியும், பின்னர் தாழ்ந்த வயல்களும், அதன்பின் வீடுகளும் நனைகின்றன. அந்த நிலையில் மணல்திட்டை வெட்டிவிடுவதை முகத்துவாரம் வெட்டுதல் என்பர்.

வெட்டும் வேலை சிறிது. அதன் விளைவு பெரிது. மண்வெட்டிகளாலோ இயந்திரத்தாலோ ஒடுக்கமான ஒரு வாய்க்கால் கடல்வரை இழுக்கப்படுகிறது. களப்பின் மட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்திருப்பதால் நீர் தானே வேகமெடுத்து, இருகரை மணலையும் அரித்து, சில மணிநேரத்தில் அந்த வாய்க்காலைப் பெரிய ஆற்றுவாயாக விரித்துவிடுகிறது. எப்போது வெட்டுவது என்பதே சிக்கல். ஒக்டோபரில் விதைத்த வயல்காரருக்கு இளம்பயிர் ஒரு வாரத்துக்கு மேல் முற்றாக மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும் என்பதால் முன்கூட்டியே வெட்ட வேண்டும். களப்பு மீனவருக்கோ நீர் நிறைந்து நிற்கும் ஒவ்வொரு வாரமும் மீன் பெருகும் காலம். அவசரப்பட்டு வெட்டினால் களப்பு வடிந்து வெறும் சேறு மிஞ்சும். அதேவேளை வாய் திறந்ததும் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே ஏறி வளரும் என்பதால், திறக்கவே கூடாது என்றும் அவர்கள் சொல்வதில்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் வெட்டினால் உவர்நீர் உள்ளே புகுந்து வயலின் ஓரத்தைக் கெடுக்கும். அமாவாசை, பௌர்ணமி நாள்களின் உயர்ந்த வற்றுப்பெருக்கும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியது. பிரதேச செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள் ஆகியவை கூடிப் பேசி நாள் குறிப்பது இன்றைய நடைமுறை. கூட்டம் முடிவதற்குள் நீர் வீட்டுக்குள் ஏறிவிட்டால் ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிடும் என்பதையும் அந்த நடைமுறையின் எழுதப்படாத பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இந்நீரின் மேல்முனை இங்கினியாகலையில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின்னர் டி. எஸ். சேனாநாயக்க அரசு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ், பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே 1949இல் தொடங்கிய அணை வேலையை அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் ஏற்று நடத்தியது. அதில் உருவான சேனாநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றாகும். அதுவரை மாரியில் பெருகிக் கோடையில் மெலிந்த ஆற்றை அது பெருமளவு அடக்கி, சிறுபோகம் என்னும் கோடை நெற்செய்கைக்கும் நீர் தந்தது. குடியேற்றங்களும் அவற்றைத் தொடர்ந்து 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டமும் இப்பகுதியின் அரசியலை எவ்வாறு மாற்றின என்பது தனிக் கட்டுரைக்குரியது. பயணிக்குத் தேவையானது ஒன்றே: நீர்த்தேக்கம் நிறைந்து வான் பாயத் தொடங்கினால், கரையோரத்தில் வெயில் எறிக்கும் நாளிலும் களியோடை ஆறு பெருகி வயல்களை மூடக்கூடும். வான் பாய்தல் என்பது குளம் தன் கொள்ளளவைத் தாண்டிய நீரை வெளியேற்றுவது. ஆகவே இக்கரையில் நிற்பவர் தலைக்கு மேலேயுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது. திருக்கோவிலுக்கு மேற்கேயுள்ள சாகாமம், கஞ்சிகுடிச்சாறு முதலிய குளங்களுக்கும் இது பொருந்தும்.

வயலுக்குள் இறங்காத பயணம் இங்கு முழுமையாவதில்லை. நெற்செய்கையை வெள்ளாமை என்றும், ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்தொகுதியை வட்டை என்றும் கிழக்கினர் அழைப்பர். வட்டைக்கு நீர் பங்கிடுவதை மேற்பார்வை செய்பவர் வட்டை விதானை. காவலுக்காக வயலில் கட்டப்படும் சிறுகுடில் வாடி. மாரியில் ஆண்கள் பலர் இரவுகளை வாடியிலேயே கழிப்பதுண்டு, ஏனெனில் வரம்பு உடைந்தால் உடனே கட்ட வேண்டும். பன்றியும், காட்டோரத்தில் யானையும் வரும். கதிர் முற்றும் ஜனவரியில் வரும் வெள்ளமே எல்லாவற்றிலும் கொடியது. 2011 ஜனவரியிலும் மீண்டும் பெப்ரவரியிலும் அவ்வாறு வந்த வெள்ளம் கிழக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து, அறுவடையை நெருங்கிய வயல்களை அழித்தது. சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் என்னும் நோயின் அச்சம் உண்டு. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வெடிப்பு, கீறல் வழியாக உடலில் புகும் கிருமியால் வருவது அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு முன்தடுப்பு மாத்திரை வழங்குகின்றனர். வெறுங்காலோடு வரம்பில் நடந்து படமெடுக்க விரும்பும் பயணியும் அவர்களிடம் முதலில் விசாரிப்பது நல்லது. உணவைப் பொறுத்தவரை மாரி குறைவைக்கும் காலம் அன்று. கடலில் வள்ளங்கள் இறங்காத வாரங்களில் சந்தைகளைக் களப்பு இறாலும் குளத்து விராலும் நிறைக்கின்றன. கூனி எனப்படும் மிகச் சிறிய இறாலின் வறையும் எருமைத் தயிரும் கல்முனைப் பக்கத்துச் சோற்றுக்குத் துணை.

இந்த ஊர்களின் வழிபாட்டு நாட்காட்டியும் மழையை ஒட்டியே அமைந்துள்ளது. பெருந்திரள் கூடும் விழாக்கள் வறண்ட மாதங்களில் விழுகின்றன: தம்பிலுவில் கண்ணகி அம்மனின் திருக்குளிர்த்தி வைகாசியில், திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமியின் சமுத்திர தீர்த்தம் ஆடி அமாவாசையில், கரையோரமாக உகந்தமலை வழியே கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை அதை ஒட்டிய வாரங்களில், பாண்டிருப்புத் திரௌபதை அம்மனின் தீமிதிப்பு மழைக்குச் சற்று முன்னர் புரட்டாதியில். அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு, நிலம் கடும் வெக்கையில் காய்ந்து கிடக்கும் மாதத்துக்கு வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. மாரியிலோ பிள்ளையார் பெருங்கதையும் மார்கழித் திருவெம்பாவையுமாக ஊருக்குள்ளேயே, நடந்து செல்லும் தூரத்திலேயே வழிபாடு அடங்கிவிடுகிறது. முஸ்லிம் ஊர்களின் ஆண்டு சந்திரக் கணக்கினது. அது சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறுகியதாதலால் நோன்பும் பெருநாளும் எல்லாப் பருவங்களினூடாகவும் நகர்கின்றன. 2030இல் ரமழான் ஜனவரியிலும் மறுபடி டிசெம்பரிலுமாக இருமுறை தொடங்கும்; இரண்டும் மாரியிலேயே. சாலை மூழ்கிய ஊர்களில் இஃப்தார் கஞ்சியைப் பங்கிடும் பள்ளிவாசல்களுக்கு அது கடினமான ஆண்டாகலாம்.

இக்கரையின் நினைவில் பதிந்த பேரழிவுகள் பெரும்பாலும் இந்த மாதங்களுக்கே உரியவை. 1957 டிசெம்பரின் வெள்ளம் முதியோர் கேட்டு வளர்ந்த கதை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஆயிரத்தை ஒட்டிய உயிர்களைக் கொண்டதோடு, தென்னந்தோப்புகளை நிலத்தோடு சாய்த்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலைக்கும் பருவத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் நாட்டிலேயே அதிக உயிரிழப்பாக 10,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்தில், அடுத்த சில நாள்களிலேயே பெய்த கனமழை முகாம்களையும் நிவாரண வண்டிகள் வரவேண்டிய பாதைகளையும் மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் இதே கிழக்குக் கரையில் ஏறிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, அந்த இழப்பின் பெரும்பகுதி மலைநாட்டு மண்சரிவுகளில் நேர்ந்தது. போர்க்காலத்தில் பாதைகளை மூடியவை நீரைவிடச் சோதனைச்சாவடிகளே; 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்த பின்னரும், ஆழிப்பேரலைக்குப் பிந்திய மீள்கட்டுமானத்திலும் அக்கரைப்பற்று–பொத்துவில் சாலை சீரமைக்கப்பட்டதால்தான் தெற்குப் பயணம் இன்று எளிதாகியுள்ளது.

அந்தச் சீர்பட்ட சாலையில் திருக்கோவிலுக்குத் தெற்கே செல்பவர், மாரியில் நிறைந்த கோமாரிக் களப்பைப் பார்க்கலாம். வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் நீர் விளிம்புகளில் இரைதேடும் காலம் இது. சங்கமன்கண்டி முனை இலங்கையின் நிலப்பரப்பில் மிகக் கிழக்கே உள்ள இடம். அறுகம்குடாவில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு வீரர்கள் காத்திருக்கும் ஒழுங்கான நீண்ட அலைகள் இப்போது இல்லை. காற்று நேரே கரையில் மோதுவதால் கடல் கலங்கி நுரைக்கிறது. லகுகலைக் குளத்தில் யானைக் கூட்டத்தைத் தேடி வருபவரும் ஏமாறுவார், ஏனெனில் நீர் வற்றும் மாதங்களில் அங்குள்ள புல்லுக்காகக் கூடும் அவை, காடெங்கும் நீர் கிடைக்கும் மாரியில் சிதறிவிடுகின்றன. விடுதி வாடகை குறைவு. நவம்பர் நடுவிலிருந்து டிசெம்பர் இறுதி வரை வெள்ள அபாயம் மிகுதி. ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை, மழை விட்டுவிட்டுப் பெய்ய, களப்புகள் நிறைந்திருக்க, கதிர் மஞ்சளாகும் வாரங்களே பயணத்துக்கு ஏற்றவை.

முகத்துவாரங்களுக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னரும் எழுகிறது. ஆற்றுவாயின் இருபுறமும் கடலுக்குள் கல்லணை கட்டிவிட்டால் மணல் அடைக்காது, ஆண்டுதோறும் வெட்டவும் வேண்டாம் என்பது அதன் சாரம். அவ்வாறு கேட்போர் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஒலுவிலைப் பார்க்கலாம். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்காக நகரும் கரையோர மணலைத் தடுத்தன. அதனால் துறைமுகத்தின் வாய் மணலால் அடைபட்டு மீன்பிடிப் படகுகளே உள்நுழையச் சிரமப்பட, வடபுறத்தில் கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் சென்றன; அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் நீண்டது. பெரியகளப்பின் வாயில் அதேபோன்ற சுவர்கள் எழுந்தால், தடைபடும் மணல் தம்பட்டையின் கரையிலோ அக்கரைப்பற்றின் கரையிலோ குறையும். மேற்குச் சாலைகளில் தாம்போதிகளுக்குப் பதிலாக உயர்ந்த பாலங்களைக் கட்டுவதற்கு அத்தகைய பின்விளைவு எதுவும் இல்லை. நீரைத் தடுக்காத வகையில் அகன்ற கண்களோடு கட்டினால் போதும். செலவிடுவதற்குப் பணம் உண்டென்றால் அது முதலில் செல்ல வேண்டிய இடம் மாவடிப்பள்ளியும் கிட்டங்கியும். களப்பின் வாயை, வயல்காரரும் மீனவரும் அலுவலரும் கரையில் நின்று சண்டையிட்டு நாள் குறித்து வெட்டும் இன்றைய முறைக்கே விட்டுவிடலாம்.